சீப்பின் நாலாவது பல்

அன்று காலையில் என் கணவர் ஞானசிங் என் வேலைப் பையைத் திறந்து, அதிலிருந்த கொம்புச் சீப்பை எடுத்துத் தலை சீவிக்கொண்டிருந்தார். 1952, ஆடி மாதம். வெளியே சாரல். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள் என்பதால் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். அவருடைய சீப்பைக் கிணற்று மதிலில் வைத்தாரோ, கொய்யா மரத்துக் கிளையில் செருகினாரோ, அது அவருக்கே தெரியாது. வருஷத்துக்கு நான்கு சீப்பு தொலைப்பார்.

"அது நோயாளிகளுக்க சீப்பாக்கும். பேன் ஏறும்," என்று அடுக்களையிலிருந்து சத்தம் போட்டேன்.

"எனக்க தலையில ஏறினா அதுக்கு வெளிய வர வழி தெரியாது பிள்ளே. திரிஞ்சு திரிஞ்சே செத்துப்போவும்."

உண்மைதான். அப்படியொரு சுருட்டை முடி. சொல்லி வாய் மூடவில்லை, டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"ஒடைச்சாச்சா?"

"ஒரு பல்லுதான். மிச்சம் நெறைய கெடக்கு."

"ஒங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு சாமானத்த மரியாதைக்கு வச்சுக்கிடத் தெரியாது. தொட்டதெல்லாம் நாசம்."

அவர் உடைந்த பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பள்ளிக்கூடத்துல அரக்கு இருக்கு. சாயங்காலம் ஒட்டித் தாறேன்," என்றார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நடை வாசலில் நின்று திரும்பி, "நேசம், தல கொள்ளாமா?" என்று, சீவியது நன்றாக இருக்கிறதா எனக் கேட்டார்.

நான் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே, "போங்க, நேரமாவுது," என்றேன்.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். கருங்கலுக்கும் இரணியலுக்கும் நடுவே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே நான் வீடுவீடாகப் போகிற நர்ஸ். பிரசவம் முடிந்து போன பெண்களைப் போய்ப் பார்ப்பது, புண் கழுவுவது, மாத்திரை கொடுப்பது என்றுதான் முதலில் போனேன். போகப்போக ஒன்று தெரிந்தது. சில வீடுகளில் புண்ணும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பாள். குளிக்க மாட்டாள், கஞ்சி இறங்காது, கேட்டால் பேச்சில்லை. வீட்டுக்காரர்கள் மந்திரவாதியைக் கூப்பிடுவார்கள், அல்லது ஜெபக்காரர்களை. இரண்டு பேரும் வந்து அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "ஒனக்கு என்ன கொறை, சொல்லு," என்பார்கள். அவள் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

வார்டில் ஒருத்திக்குப் பேன் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வழி பிடிபட்டது. பதினோரு நாள் வாய் திறக்காதவள், என் விரல் தலையில் ஓடும்போது தானாகப் பேசினாள். யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நம் ஊரில் மத்தியானம் சோறு தின்று முடித்ததும் பெண்கள் படிக்கு ஒருத்தியாக உட்கார்ந்து பேன் பார்க்கிறார்களே, அப்போது பேசாத பேச்சு உண்டா? பேசுகிறவள் கேட்கிறவளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கேட்கிறவள் கையில் வேலை இருக்கிறது. இரண்டு பேருக்கும் கூச்சமில்லை.

அதற்குப்பின் பையில் சீப்பு வைத்துக்கொண்டேன். அவர் டிரெயினிங்குக்குத் திருவனந்தபுரம் போனபோது வாங்கிவந்த கொம்புச் சீப்பு. எந்த வீட்டிலும் மனசைப் பற்றிக் கேட்க மாட்டேன். தூங்கினியா, கஞ்சி குடிச்சியா, வெயில் பட்டுதா, அவ்வளவுதான். பிறகு பின்னால் உட்கார்ந்து சிக்கெடுப்பேன். ஒரு தலை கொஞ்சம் தெளிந்ததும் சீப்பை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வருவேன். "நீயா கோதிக்கோ. போதும்னு தோணினா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து தா," என்பேன். சீப்பைக் கொண்டுவந்து தருகிறவள் தன் காலால் நடந்து வருவாள். அவள் குணமானதற்கு எனக்கு அதுதான் அடையாளம். ஊரில் எனக்குச் 'சீப்பு நர்சம்மா' என்று பெயரே விழுந்துவிட்டது. அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அன்று நான் போனது செல்லத்தாயின் வீட்டுக்கு. அவள் கணவன் சுயம்பு கருங்கல் சந்தையில் கருப்பட்டி வியாபாரம். போன ஐப்பசி மழையில் எட்டு மாதப் பெண்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அன்று படுத்தவள்தான். தை மாதத்திலிருந்து வாரம் ஒருநாள் நான் போய்க்கொண்டிருந்தேன். அவர்கள் அய்யாவழிக்காரர்கள், அய்யாவைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். அவர்களுடைய நிழல்தாங்கலில் சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிட வருகிறவர் தன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். செல்லத்தாய் அங்கே போவதையும் விட்டுவிட்டாள். வீட்டுக் கண்ணாடியையும் திருப்பி வைத்திருந்தாள்.

அவள் மாமியார் பகவதியம்மாள் படியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தியளா நர்சம்மா? ஆறு மாசமா கோதுதிய. எனக்கும் தலையில நாலு முடி கெடக்கு, ஒருநாளு கோதி விட்டியளா?"

"ஒங்களுக்குக் கோதினா வாய் இன்னும் கூடிப்போவும் பாட்டி."

"அது சரி. அவளுக்கு வாயில்லே, எனக்குக் கூடுதல். கடவுளு கணக்குப் பாத்துத்தான் செய்யுதாரு."

செல்லத்தாயை முற்றத்து ஓரம் உட்காரவைத்துச் சிக்கெடுத்தேன். கழுத்துக்குக் கீழே முடி சடைபிடித்துக் கிடந்தது. சீப்பு இறங்க மறுத்தது. அவள் ஏதோ சொல்ல வருவதுபோல் தொண்டையைச் சரிசெய்தாள். அது எனக்குத் தெரியும். எத்தனையோ தலைகளுக்குப் பின்னால் இருந்து கேட்ட சத்தம் அது. கையை மெதுவாக்கினேன்.

அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பியூன் ஞானதாசன் சைக்கிளில் வந்து இறங்கினான். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே போட்டுவிட்டான். "அக்கா, சாரு போர்டுல எழுதிட்டு நின்னாரு..." என்றான். நான் எழுந்து ஓடினேன். சீப்பு செல்லத்தாயின் முடியிலேயே நின்றது.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. இன்ஸ்பெக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பிறகு நாற்பது நாட்கள். அவற்றைப் பற்றி அதிகம் நினைவில்லை. நினைவில் இருப்பது அவருடைய தங்கை ஜெபகுமாரியின் குரல். எனக்குத் துணையாக வந்து தங்கியிருந்தாள். நல்ல பெண். விடிந்தால் என் பக்கத்தில் வந்து நிற்பாள்.

"அண்ணி, தூங்கினியளா?"

"ம்."

"கஞ்சி குடிச்சியளா? கொஞ்சம் வெயில்ல இரியுங்களேன். தல கோதட்டா?"

அத்தனையும் என் வார்த்தைகள். வருஷக்கணக்காக நான் வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சொன்னவை. அவற்றை இந்தப் பக்கத்திலிருந்து கேட்டபோது ஒவ்வொன்றும் கல்லாக விழுந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. என்னைப் பார்த்தும் அத்தனை பெண்கள் இதையே நினைத்திருப்பார்கள் என்றும் தோன்றியது. ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். ஜெபகுமாரி குனிந்து துடைத்தாள். "அண்ணன் இருந்தா எனக்கு ரெண்டு சிரட்ட தந்து, வீட்டுக்க முன்னால இருந்து விளையாடுன்னு சொல்லுவான்," என்று முணுமுணுத்தாள். பெரியவள்போல் எதையாவது செய்தால், சின்னப்பிள்ளை என்று அவர் தங்கையை அப்படித்தான் கேலி செய்வார். எனக்கு அழுகை வரவேண்டும். வரவில்லை.

அவரைப் புதைத்த மறுநாள் அந்த வெள்ளைச் சட்டையை நானே துவைக்க எடுத்தேன். பையில் சீப்பின் பல் இருந்தது. அரை விரல்கடை நீளம், ஒரு முனை கூர். அதை என் வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்று காலையில் நான் பேசியதையும் சொல்லவேண்டி வரும். ஊரிலுள்ள தலைகளையெல்லாம் பார்க்கிறவள் நான். ஒருவர் வாசலில் நின்று, தல கொள்ளாமா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. கடைசியாக அவர் காதில் விழுந்தது, 'தொட்டதெல்லாம் நாசம்', 'போங்க'. இப்படிப்பட்டவள் இனி எந்தப் பெண்ணின் பின்னால் போய் உட்கார்ந்து, தூங்கினியா என்று கேட்பாள்?

ஆவணி பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மாவின் கடிதம் வந்தது. பரிவாகத்தான் எழுதியிருந்தார். ஓண விடுமுறை முடியும்வரை காத்திருப்பதாகவும், அதற்குமேல் என் பகுதிக்கு வேறொருவரை அனுப்பவேண்டிவரும் என்றும், அப்படியானால் நான் குடியிருந்த ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸை விடவேண்டும் என்றும் இருந்தது. நான் பதில் எழுதி வைத்தேன். 'எனக்குப் பதில் வேறொருவரை நியமித்துக்கொள்ளவும்.' ஒரே வரி. கவரில் போட்டு ஒட்டி, ஜெபகுமாரியிடம் கொடுப்பதற்காக மேசையில் வைத்திருந்தேன்.

திருவோணத்துக்கு இரண்டு நாள் முன்பு. மத்தியானம் மூன்று மணி இருக்கும். பக்கத்து விளையில் பிள்ளைகள் பலாமரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் உடுக்கிற சிவப்புக்கரை வேட்டி, நெற்றியில் வெள்ளை நாமம், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. கால் முழுக்கச் செம்மண். யாரென்று எனக்கு முதலில் தெரியவில்லை. நான் அந்தப் பெண்ணின் முதுகைத்தான் அதிகம் பார்த்திருந்தேன்.

"நர்சம்மா, நான் செல்லத்தாயாக்கும்."

ஏழு மாதங்களில் அவள் குரலை அன்றுதான் கேட்டேன். கொஞ்சம் கட்டையான குரல்.

"நடந்தா வந்தே?"

"ஆமா. நாலு மைலுதானே." அவள் உள்ளே வரவில்லை. மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தாள். "ஒங்களுக்க வீட்டுல இப்பிடி நடந்த நேரத்துல இதச் சொல்ல வந்தது தப்பு. ஆனா சொல்லாம எனக்கு ஒறக்கம் வரல்லே. நான் ஒங்க சீப்ப ஒடைச்சிட்டேன்."

பொட்டலத்தைப் பிரித்தாள். கொம்புச் சீப்பு. பல் இடுக்குகளில் ஒரு முடி இல்லாமல் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக இன்னொரு சீப்பு.

"நீங்க ஓடின பெறவு இது எனக்க தலையிலேயே இருந்து. அந்தியானதும் எடுத்துப் பாத்தா ஒரு பல்லக் காணல்லே. எனக்க சடையில மாட்டி ஒடைஞ்சிருக்கு. ஒருவேள அந்த ஒடைஞ்ச சீப்பு தொட்டதுனாலதான் ஒங்களுக்கு இப்பிடி வந்துதோன்னு..." பிறகு தொடர்ந்தாள். "தலைய விரிச்சுப் போட்டுத் தேடினேன். பாயி, முத்தம், எல்லாம் தேடினேன். முத்தத்து மண்ண மூணு நாளு சல்லடையில சலிச்சேன். அத்த சிரிச்சா. ஒம்பது மாசமா எழும்பாதவ ஒரு பல்லுக்காவ எழும்பிட்டா, மொதல்லேயே ரெண்டு பல்ல ஒடைச்சுப் போட்டிருக்கலாமேன்னா."

"பெறவு?"

"பெறவு இதுபோல ஒண்ணு வாங்கிட்டு வந்து தரலாம்னு பாத்தேன். அவுக கருங்கல் சந்தையில தேடினாவ, கெடைக்கல்லே. அவுகளுக்குச் சாமானம் பாத்து எடுக்கத் தெரியாது. நானே கொளச்சல் வரைக்கும் போனேன். அங்க ஒரு சாயிபு கடையில கெடைச்சுது. இதுபோல இல்லே. கொஞ்சம் சின்னது." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்குக் காலம்பற தாங்கலுக்குப் போனேன். கண்ணாடிக்கு முன்னால நின்னு அய்யாட்ட மாப்பு கேட்டேன். இனி ஒங்ககிட்ட."

அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கொளச்சலுக்குப் போய்க் கடை ஏறினாள். நாலு மைல் நடந்து வந்தாள். இது எதுவும் நான் செய்ததல்ல. செய்யாத ஒரு குற்றத்துக்காகச் செய்திருக்கிறாள். அதை இப்போது நினைக்கிறேன். அன்று அந்த வாசலில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பெண் ஒரு சாவின் பழியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு நாற்பது நாள் நடந்திருக்கிறாள், அதை இறக்கி வைக்க என் ஒருத்தியால்தான் முடியும்.

எழுந்து போய் வேதப்புத்தகத்தைத் திறந்து பல்லை எடுத்துவந்தேன். அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"நீ ஒடைக்கல்லே மக்கா. அவரு ஒடைச்சாரு. அன்னைக்குக் காலம்பற. எனக்க முன்னாலதான்."

அவள் பல்லையும் சீப்பையும் மாறிமாறிப் பார்த்தாள். ஓரத்திலிருந்து நாலாவது இடம் காலியாக இருந்தது. பல்லை அதில் வைத்தாள். பொருந்தியது. "அய்யா!" என்று சொல்லிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாரம் இறங்கிய களைப்பு. நானும் உட்கார்ந்தேன். அவளுக்குக் கீழ்ப் படியில். ஏன் கீழே உட்கார்ந்தேன் என்று தெரியாது. பழக்கத்தில் நான் எப்போதும் மேலேதான் உட்காருவேன்.

அவள் என் தலையைப் பார்த்திருக்க வேண்டும்.

"இதென்ன நர்சம்மா, குருவி கூடு வச்சிருக்கு," என்றாள்.

என் கொண்டையை அவிழ்த்தாள். நான் தடுக்கவில்லை. புதுச் சீப்பை எடுக்காமல், பழையதை எடுத்தாள். நுனியிலிருந்து தொடங்கினாள். கீழே சிக்கெடுத்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும். மேலிருந்து இழுத்தால் வலிக்கும். நான் அவளுக்குச் செய்தது அப்படித்தான். முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தவள் கவனித்திருக்கிறாள். பல் இல்லாத இடம் ஒவ்வொரு இழுப்பிலும் தலையில் தெரிந்தது. ஒரு கோடு விட்டுப்போவதுபோல்.

அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த விளையில் ஊஞ்சல் கயிறு கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. என் தொண்டையில் அந்தச் சத்தம் வந்தது. அவள் கை மெதுவாயிற்று.

நான் சொன்னேன். கஞ்சி போட்ட சட்டை, டக்கென்ற சத்தம், நான் திட்டியது, அவர் வாசலில் நின்று திரும்பியது, மரச்சீனிக் கிழங்கின் தண்ணீர். "தல கொள்ளாமான்னு கேட்டாரு செல்லத்தாயி. நான் பாக்கல்லே."

அவள் கொஞ்சநேரம் கோதினாள். பிறகு, "வீட்டுக்குக் கொண்டு வந்த நேரம் பாத்திருப்பியளே," என்றாள். "அந்நேரம் வாத்தியாருக்க தல எப்பிடி இருந்து?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. கண்ணை மூடினேன். பள்ளிக்கூடத்து பெஞ்சில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நர்ஸ் அல்லவா, கழுத்தில் நாடி தேடினேன், கண் இமையைத் தூக்கினேன். நெற்றியில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தேன். துடைக்கும்போது கை முடியில் பட்டது. எண்ணெய் வைத்துப் படிய வாரி, இடதுபக்கம் வகிடெடுத்து... அந்தச் சுருட்டை முடியில் அவ்வளவு நேரான வகிடை அவர் எடுத்து நான் பார்த்ததேயில்லை. கீழே விழுந்தும், தூக்கி வந்தும், அது கலையவில்லை.

"கொள்ளாம்," என்றேன். "நல்லா கொள்ளாம்."

சொன்னதும் அழுகை வந்தது. ஜெபகுமாரி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். செல்லத்தாய் அவளைப் பார்த்து, வரவேண்டாம் என்று கைகாட்டியிருப்பாள்போல. காலடிச் சத்தம் நடையிலேயே நின்றுவிட்டது. செல்லத்தாய் கோதுவதை நிறுத்தவில்லை. நான் அழுது முடிக்கும்வரை கோதினாள். பின்னிக் கட்டினாள். பிறகு, "இனி எனக்குக் கொஞ்சம் காப்பி தருவியளா? நடந்து வந்தது," என்றாள்.

ஜெபகுமாரி மூன்று டம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். நான் முழுவதும் குடித்தேன். செல்லத்தாய் தன் பிள்ளையைப் பற்றிப் பேசினாள். அதன் பெயர் நாகம்மை என்பதும், இடது காதின் பின்னால் மச்சம் இருந்தது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெயில் சாய்ந்ததும் புறப்பட்டாள். ஒட்டிவைத்த கவர் மேசையில் கிடந்தது. ஜெபகுமாரி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

ஓணம் கழிந்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பையில் கொளச்சல் சீப்பு. அதற்குப்பின் பத்தொன்பது வருஷம் நடந்தேன். இடையில் எல்லை மாறி நாங்கள் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தோம், சம்பளச் சீட்டில் முத்திரை மாறியது, வீடுகளில் பெண்கள் பழையபடி சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார்கள். தூங்கினியா, கஞ்சி குடிச்சியா என்று கேட்பதை நான் விடவில்லை. ஆனால் கேட்டதும் பதிலுக்குக் காத்திருக்கமாட்டேன். கல் விழுகிற சத்தம் எனக்குத் தெரியும். புதிதாக இரண்டு சேர்த்துக்கொண்டேன். எந்த வீட்டிலும் என் வேலை முடிந்ததும், "எனக்கொரு காப்பி தா," என்பேன். அவளே எழுந்து அடுப்பு மூட்டவேண்டும். இன்னொன்று, என் சொந்தத் தலை. வாரத்தில் ஒருநாள் ஜெபகுமாரியின் முன்னால் கீழ்ப் படியில் உட்காருவேன். இல்லையென்றால் அவள் விடமாட்டாள். "ஊருக்கெல்லாம் கோதுதிய, வந்து இரியுங்க," என்பாள்.

இப்போது எனக்கு எழுபத்தொரு வயது. கோதுவதற்கு அதிகம் முடி இல்லை. பழைய சீப்பு பெட்டியில் இருக்கிறது. பல்லைக் காகிதத்தில் மடித்து அதன் கூடவே வைத்திருக்கிறேன். அரக்கு வைத்து ஒட்டலாம் என்று பலரும் சொன்னார்கள். ஒட்டவில்லை. ஆடி பிறந்தால் ஒருதரம் எடுத்துத் துடைப்பேன். பல்லை அந்த நாலாவது இடத்தில் வைத்தால் சரியாகப் பொருந்துகிறது. கையை எடுத்தால் விழுந்துவிடுகிறது.